வயதும் கோல்ஃப் டிரைவர் ஷாஃப்டும்: 65 கிராமா, 55 கிராமா, 40 கிராமா?

அறுபதைத் தொட்ட கோல்ஃப் ஆட்டக்காரர் புது டிரைவர் (நீண்ட தூர அடிக்கான கிளப்) கேட்டால், கடைக்காரரின் கை தானாகவே இளக்கமான "சீனியர்" ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு) பக்கம் போகும். கேட்டவருக்கோ மனசு ஒப்பாது. நாற்பது வயதில் அடித்த அதே விறைப்பான "ஸ்டிஃப்" தான் வேண்டும் என்பார். ஒருவர் நரையைப் பார்க்கிறார், மற்றவர் பழைய நாட்களைப் பார்க்கிறார். ஷாஃப்டை யாரும் பார்ப்பதில்லை.

ஜெர்மனியின் கோல்ஃப் வீரர் பெர்ன்ஹார்ட் லாங்கர் 2023இல் அமெரிக்க சீனியர் ஓபனை வென்றபோது அவருக்கு வயது 65. மறுவருடம் குதிகால் தசைநாண் அறுந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அதே வருடக் கடைசியில் 67 வயதில் இன்னொரு பட்டத்தையும் எடுத்துக்கொண்டு போனார். ஆகவே பிறந்த தேதியை வைத்து ஷாஃப்ட் வாங்க முடியாது. கிளப்பை வீசும் ஸ்விங் வேகம் எவ்வளவு, மேலே போன கிளப் கீழே திரும்பும் இடத்தில் நீங்கள் நிதானமாக இறக்குகிறீர்களா, வெடுக்கென்று இழுக்கிறீர்களா என்ற இரண்டும்தான் கணக்கு. இரண்டாவதை முக்கால்வாசிப் பேர் கேட்பதே இல்லை.

முதலில் ஷாஃப்ட் மேல் அச்சடித்திருக்கும் எழுத்தைப் பற்றி. டிரைவர் வேகம் மணிக்கு 75 முதல் 85 மைல் என்றால் சீனியர், 85 முதல் 95 என்றால் ரெகுலர், 95 முதல் 105 என்றால் ஸ்டிஃப் என்று ஒரு வாய்ப்பாடு புழங்குகிறது. தொடங்குவதற்கு அது போதும், அதற்கு மேல் நம்ப வேண்டாம். எந்த விறைப்புக்கு எந்த எழுத்து என்று எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒருவருடைய ஆர் (ரெகுலர்), இன்னொருவருடைய எஸ் (ஸ்டிஃப்) அளவுக்கு விறைப்பாக இருக்கும். ஜப்பானில் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்யும் எஸ், பொதுவாக அமெரிக்க எஸ்ஸை விட இளக்கம். நடுவில் எஸ்ஆர் என்று ஒரு படியும் வைத்திருக்கிறார்கள். ஷாஃப்ட் கம்பெனிகளில் ஃபுஜிகுரா சீனியரை ஆர்2 என்கிறது. புராஜெக்ட் எக்ஸ் எழுத்தையே விட்டுவிட்டு 5.0, 5.5, 6.0 என்று எண் போடுகிறது. ரெகுலருக்கு இறங்குவதை மானக்கேடாக நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: பெண்களின் தொழில்முறைத் தொடரான எல்பிஜிஏ வீராங்கனைகளின் சராசரி டிரைவர் வேகமே ஏறக்குறைய 94 மைல்தான்.

எழுத்தை விட எடை நேர்மையானது. கிராம் எந்தக் கம்பெனியிலும் கிராம்தான். அதனால் எடையை வைத்தே மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கலாம்.

65 கிராம் ஸ்டிஃப்

இதை உடனே தூக்கிப் போட வேண்டியதில்லை. 95 மைலுக்கு மேல் இன்னும் வருகிறது, அல்லது வேகம் குறைந்தும் அந்த வெடுக்கென்ற இழுப்பு போகவில்லை என்றால், இந்த எடைதான் கையைக் கட்டி வைக்கும். ஹெட் (பந்தில் படும் தலைப் பகுதி) எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டே இறக்கலாம். விட வேண்டிய நேரம் வந்ததைப் பந்தே சொல்லிவிடும்: தாழப் பறந்து, வலது பக்கம் சாய்ந்து (வலக்கை ஆட்டக்காரருக்கு), சீக்கிரம் விழுந்துவிடும். முதல் ஒன்பது ஹோலில் நன்றாகப் போய், 14ஆவதுக்குப் பிறகு மட்டும் இப்படி ஆகிறது என்றால், விறைப்பை விட எடையைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

55 கிராம் ரெகுலர்

அறுபதுகளில் இருக்கும் பெரும்பாலான கிளப் ஆட்டக்காரர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான். பத்து கிராம் குறைந்ததால் வேகம் பாய்ந்துவிடாது. சிலருக்கு ஓரிரு மைல் கூடும், சிலருக்குக் கூடவே கூடாது. ஒரு மைலுக்குச் சுமார் இரண்டரை யார்டு என்று வைத்துக்கொண்டால், விளம்பரம் சொல்லும் இருபது யார்டு இதில் வராது. லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. ஷாஃப்ட் கொஞ்சம் இளகினால், அடிக்கும் கணத்தில் ஹெட் சற்று முன்னே வளைந்து வந்து பந்தை மேலே தூக்கும், பந்தில் படும் முகமும் மூடி வர வசதியாக இருக்கும். வேகம் குறைந்தவருக்கு உயரம்தான் தூரம். 80 மைல் வேகத்தில் 10 டிகிரியில் கிளம்பும் பந்து பாதி வழியிலேயே மூச்சு வாங்கிவிடும். 14, 15 டிகிரியில் கிளம்பினால் அதே வேகத்திலேயே ஃபேர்வே பங்கரை (வழியில் இருக்கும் மணல் குழியை) தாண்டப் பார்க்கும்.

40 கிராமும் அதற்குக் கீழும்

தோள் பிடித்துக்கொண்டவர்கள், விரல் மூட்டு வலிப்பவர்கள், 80 மைலுக்குக் கீழே நிதானமாக வீசுபவர்கள் ஆகியோருக்கு இது உண்மையான வரம். ஆனால் இருக்கிற டிரைவரில் பழைய ஷாஃப்டை உருவிவிட்டு 40 கிராம் ஷாஃப்டைச் செருகுவது பெரும்பாலும் பாதி வைத்தியம்தான். சாதாரண ஹெட் 200 கிராம் சுமார் இருக்கும். ஷாஃப்ட் மட்டும் இளைத்துவிட்டால், கையில் நுனிப் பக்கம் சுத்தியலாகக் கனக்கும். ஜப்பானின் எக்ஸ்எக்ஸ்ஐஓ டிரைவர்கள் வயதானவர்களிடம் பேர் வாங்கியதற்குக் காரணம், ஹெட், ஷாஃப்ட், கிரிப் மூன்றையும் சேர்த்து இளைக்க வைத்ததுதான். பிங் கம்பெனியின் எச்எல் வகையும் இதே வழியில் வருகிறது. இந்த ரகம் வேண்டும் என்றால் முழு டிரைவராகவே வாங்குங்கள்.

வெடுக்கென்று இழுப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். எடை தெரியாததால் உடம்பு திரும்பும் முன் கை ஓடிவிடும். ஒரு பந்து இடது மரத்தில், அடுத்தது வலது மரத்தில். 65இல் இருந்து நேராக 40க்குக் குதிப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. இடையில் 55ஐ ஒரு சீசன் பிடித்துப் பார்ப்பது நல்லது.

(எல்லா விதிக்கும் ஒரு குறும்புக்காரன் உண்டு. கொரியாவின் ஆட்டோஃப்ளெக்ஸ், மிக லேசாக, கையில் ஆட்டினாலே நெளியும் இளஞ்சிவப்பு ஷாஃப்ட். தொழில்முறை வீரர் ஆடம் ஸ்காட் மாதிரி வேகமான ஆளே 2021இல் அதைப் போட்டியில் பயன்படுத்தினார். விலை சுமார் 800 டாலர். எழுத்தையும் எண்ணையும் நம்பாதீர்கள் என்பதற்கு இதைவிட விலையுயர்ந்த சாட்சி கிடைக்காது.)

நீளமா, குட்டையா?

அமெரிக்க வீரர் பில் மிக்கல்சன் 2021 மே மாதம் கியாவா தீவில் பிஜிஏ சாம்பியன்ஷிப்பை வென்று, 50 வயதில் மேஜர் (நான்கு பெரிய போட்டிகளில் ஒன்று) பட்டம் எடுத்த முதல் ஆள் ஆனார். கையில் 47.9 அங்குல டிரைவர். தொழில்முறைப் போட்டிகளில் 46 அங்குலத்துக்கு மேல் தடை செய்ய வழிவிடும் உள்ளூர் விதி 2022இல்தான் வந்தது. வயதானால் நீளத்தைக் கூட்டி இழந்த வேகத்தை மீட்கலாம் என்பவர்கள் இவரைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். ஆனால் மிக்கல்சன் மற்ற சீனியர்களைப் போல வேகம் இழந்தவர் இல்லை.

கடையில் வரும் டிரைவர் பெரும்பாலும் 45.5 அல்லது 45.75 அங்குலம். ஸ்டீல் ஷாஃப்ட் காலத்தில் 43 அங்குலம் சுமார். இடுப்பும் முதுகும் விட்டுக்கொடுக்காத வயதில், நீளமான கிளப்பின் நடுப்பகுதியில் பந்தைச் சந்திப்பது கஷ்டம். கூடிய வேகத்தை ஓரத்தில் பட்ட அடி தின்றுவிடும். 45 அல்லது 44.5க்கு இறங்குவதே என் கட்சி. ஒரு சிக்கல் உண்டு. அரை அங்குலம் வெட்டினால் ஸ்விங்வெயிட் (வீசும்போது ஹெட் கையில் கனக்கும் அளவு) மூன்று புள்ளி போல இறங்கும், ஹெட் தொலைந்தது போல இருக்கும், ஷாஃப்டும் விறைப்பாகத் தோன்றும். ஒரு புள்ளிக்கு இரண்டு கிராம் என்ற கணக்கில் ஹெட்டில் ஈய டேப்போ கனமான திருகோ போட்டு ஈடுகட்ட வேண்டும். இதைச் செய்யாமல் வெறுமனே வெட்டித் தரும் பட்டறையைத் தவிருங்கள்.

கிக் பாயின்ட் (ஷாஃப்ட் அதிகம் வளையும் இடம்), டார்க் (ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும் அளவு) இரண்டைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எடையும் நீளமும் சரியாக அமையாதவரை அவற்றுக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை.

ஷாஃப்டுக்கு உண்மையான போட்டியாளர், ஏற்கெனவே உங்கள் பையில் இருக்கும் சின்னச் சாவி. இன்றைய டிரைவர்கள் பலவற்றில் கழுத்துப் பகுதியைக் கழற்றித் திருப்பி லாஃப்டை (முகத்தின் சாய்வுக் கோணத்தை) கூட்டலாம். 9.5 டிகிரியை 10.5க்கு மேல் ஏற்றினால் பந்தும் உயரும், முகமும் கொஞ்சம் மூடும். செலவு ஒன்றுமில்லை. இதைச் செய்து பார்க்காமல் அமெரிக்காவில் 300 டாலருக்கு மேல் விற்கும் தனி ஷாஃப்டைத் தருவிப்பது வீண்.

சோதிக்கும் இடமும் முக்கியம். கொடைக்கானலிலோ ஊட்டியிலோ புது ஷாஃப்டை அடித்துப் பார்த்துப் பூரித்துவிட்டு சென்னைக்கு வந்தால், மலைக் காற்று கொடுத்த யார்டு எல்லாம் இங்கே காணாமல் போகும். லாஞ்ச் மானிட்டர் (பந்தின் வேகத்தையும் கோணத்தையும் அளக்கும் கருவி) இருக்கும் இடத்தில், உடம்பு கொஞ்சம் களைத்த பிறகு, மூன்றையும் மாற்றி மாற்றி அடியுங்கள். மிக நீளமாகப் போன பந்தை ஒதுக்கிவிட்டு, மோசமான பந்துகள் எவ்வளவு அகலத்தில் சிதறியிருக்கின்றன என்று பாருங்கள். குறைவாகச் சிதறியதை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் எந்த எழுத்து இருந்தாலும் சரி. பழைய ஷாஃப்ட் மலிவாகக் கிடைத்தால், முனையில் உள்ள அடாப்டர் (ஹெட்டில் பொருந்தும் இணைப்பு) உங்கள் ஹெட்டின் கம்பெனிக்கு உரியதுதானா என்று கேட்ட பிறகே பணத்தை நீட்டுங்கள். டெய்லர்மேட் அடாப்டர் காலவே ஹெட்டில் ஏறாது.