ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கர் முன் உட்கார்ந்தால்: பத்துக்குப் பன்னிரண்டு அறையில் நீண்ட நாள் அனுபவம்

ஹெட்ஃபோனில் பாடகரின் குரல் நெற்றிக்குப் பின்னால், தலைக்குள் கேட்கும். அதே பாட்டை ஒழுங்காக வைத்த இரண்டு ஸ்பீக்கரில் போட்டால், இரண்டு பெட்டிக்கும் நடுவில் ஒன்றுமே இல்லாத இடத்தில் குரல் வந்து நிற்கும். ஹெட்ஃபோனில் இடது சேனல் இடது காதுக்கு மட்டும்தான் போகிறது. ஸ்பீக்கரிலோ இடது பெட்டியின் ஒலி வலது காதுக்கும் போகிறது, ஏறத்தாழ 0.25 மில்லி நொடி தாமதமாக, தலை மறைப்பதால் கொஞ்சம் மங்கலாக. அந்தச் சிறு வேறுபாட்டை வைத்துத்தான் ஒலி எந்தத் திசையில் இருக்கிறது என்று மூளை கணக்குப் போடுகிறது. பாடல்களைக் கலவை செய்யும் பொறியாளர்களும் பெரும்பாலும் ஸ்பீக்கரில் கேட்டே வயலினை எங்கே வைப்பது, தபலாவை எங்கே வைப்பது என்று முடிவு செய்கிறார்கள். 1978இல் வீட்டு ஸ்பீக்கராக வெளிவந்த யமஹா என்.எஸ்.10, உலகெங்கும் ஒலிப்பதிவுக் கூடங்களின் மிக்ஸர் மேல் ஏறி உட்கார்ந்ததை எண்ணிப் பாருங்கள்.

பழைய பாட்டுக் கேட்பவர்களுக்கு இந்த மாற்றம் இன்னும் பெரிது. 1970களின் பிற்பகுதிவரை தமிழ்த் திரைப்பாடல்கள் பெரும்பாலும் மோனோ, அதாவது இடம் வலம் என்று பிரிக்காத ஒற்றைச் சேனல். ஹெட்ஃபோனில் மோனோ என்றால் மொத்த இசைக்குழுவும் உச்சந்தலைக்கு அடியில் ஒரு புள்ளியில் நெருக்கியடித்து நிற்கும். அரைமணி நேரத்தில் காது சலித்துவிடும். ஸ்பீக்கரில் அதே பதிவு எதிரில் ஓர் இடத்தில் நிற்கிறது, அறையின் எதிரொலி அதற்குக் கொஞ்சம் காற்றையும் கொடுக்கிறது. கச்சேரிப் பதிவுகளில் தம்பூராவும் அப்படித்தான். தலைக்குள் ரீங்காரமாக அரித்துக்கொண்டிருந்தது, பாடகருக்குப் பின்னால் தன் இடத்துக்குப் போய்விடும்.

இங்கே சொல்லப்போவது புக்‌ஷெல்ஃப் வகை ஸ்பீக்கர், அதாவது சிறிய பெட்டி ஸ்பீக்கர் பற்றி: தாழ்ந்த ஒலிக்கு 5.25 அல்லது 6.5 அங்குல ஊஃபர், உயர்ந்த ஒலிக்கு 1 அங்குல ட்வீட்டர், 86 டெசிபல் அளவு சென்சிட்டிவிட்டி (1 வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளிக் கேட்கும் ஒலியளவு). அறை, நம் ஊர் வீடுகளில் வழக்கமாக இருக்கும் 10 அடி அகலம், 12 அடி நீளம், 10 அடி உயரம். ஆம்ப்ளிஃபையர் சேனலுக்கு 40 வாட் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய சக்தி) இருந்தால் தாராளம். கணக்கு எளிது. 86 டெசிபல் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, இரண்டு மீட்டருக்குள் உட்காருபவருக்கு, ஸ்பீக்கருக்கு 1 வாட் வீதம் ஏறத்தாழ 83 டெசிபல் தருகிறது. வீட்டில் நிறைவாகக் கேட்கும் சராசரி 75 டெசிபல். அதற்குக் கால் வாட்டுக்கும் குறைவே போதும். மிருதங்கத்தின் ஓங்கிய அடி சராசரியைவிட 20 டெசிபல் எகிறினால் நூறு மடங்கு வேண்டும், அதாவது 16 வாட் அளவு. பெட்டியில் 2000 வாட் பி.எம்.பி.ஓ. (ஒரு கணம் மட்டும் எட்டுவதாகச் சொல்லும் உச்ச சக்தி) என்று அச்சடித்திருந்தால் அதைப் படிக்கவே வேண்டாம்.

பணத்தைவிட அதிகம் வித்தியாசம் காட்டுவது ஸ்பீக்கரை வைக்கும் இடம். ஹெட்ஃபோனிலிருந்து வருபவர்களில் பலர் ஸ்பீக்கரை டி.வி. ஸ்டாண்டின் மேல் சுவரோடு ஒட்டி வைத்து, எதிர்ச் சுவரோடு ஒட்டிய கட்டிலில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "பேஸ் குழம்புது, குரல் தெளிவில்லை, ஹெட்ஃபோனே தேவலை" என்று திரும்பிப் போகிறார்கள். அந்த இரண்டு இடமும் அறையிலேயே மோசமான இடங்கள். சுவரில்தான் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, குவிகிறது.

இந்த அறைக்குச் சரிவரும் அளவுகள் இவை. 10 அடிச் சுவரைப் பின்னால் வைத்து, ஸ்பீக்கர்கள் அறையின் நீளவாக்கில் பார்க்க வேண்டும். இரண்டு ட்வீட்டருக்கும் நடுவே 1.7 மீட்டர். ஸ்பீக்கரின் முன்முகம் பின்சுவரிலிருந்து 55 செ.மீ. அப்படி வைத்தால் பக்கச் சுவர் இரண்டு புறமும் 67 செ.மீ. தள்ளி நிற்கும். கேட்பவரின் காது ஸ்பீக்கருக்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து 2.25 மீட்டரில், அதாவது முதுகுக்குப் பின்னால் 1.4 மீட்டர் இடம் விட்டு. ஒவ்வொரு ஸ்பீக்கரும் காதிலிருந்து 1.9 மீட்டரில் இருக்கும். அறையின் சரிபாதியில், 1.83 மீட்டரில், உட்காரக் கூடாது. 12 அடி நீளத்துக்கு 48 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 48 அதிர்வு) அருகில் ஒரு நிலை அலை, அதாவது எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே நகராமல் நிற்கும் அலை, உண்டு. அது சுவர்களில் உச்சத்திலும் நடுவில் சுழியிலும் இருக்கும். நடுவில் உட்கார்ந்தால் அந்தச் சுருதி காணாமல் போகும், சுவரோரம் உட்கார்ந்தால் வீங்கும்.

இடம் வலம் சமச்சீர் மிக முக்கியம். 10 அடி அகலத்துக்கு 57 ஹெர்ட்ஸில் இன்னொரு நிலை அலை. இரண்டு ஸ்பீக்கரும் பக்கச் சுவர்களிலிருந்து ஒரே தொலைவில் நின்றால், இரண்டிலும் சேர்ந்து வரும் பேஸ் அந்த அலையைத் தூண்டாமலே தணித்துக்கொள்ளும். ஒன்று மூலையிலும் மற்றது வாசற்படிப் பக்கமும் இருந்தால் அந்த நன்மை போய்விடும். பின்சுவர்த் தொலைவும் பக்கச்சுவர்த் தொலைவும் மட்டும் ஒன்றாக இருக்கக் கூடாது. 55 செ.மீ.யில் பின்சுவரில் பட்டுத் திரும்பும் அலை 159 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் வெட்டும், அந்தச் சுருதி மங்கிப்போகும். எல்லாத் தொலைவும் சமமானால் எல்லாப் பள்ளமும் ஒரே இடத்தில் விழும்.

ட்வீட்டர் காது உயரத்தில் வேண்டும். நாற்காலி என்றால் தரையிலிருந்து 95 செ.மீ. அளவு. பாய் விரித்துத் தரையில் உட்கார்ந்து கேட்பவர்களுக்கு 75 செ.மீ.; கடையில் கிடைக்கும் 60 செ.மீ. ஸ்டாண்டு அவர்களுக்கு உயரம் அதிகம், ஸ்பீக்கரின் முன்புறத்தைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்க்க வேண்டியிருக்கும். ஸ்டாண்டின் அடியில் ஒன்றரை அடி கடப்பைக்கல் பலகை போட்டால் ஆடாது. ஆணிக்கால் வைத்த ஸ்டாண்டை நேராக டைல்ஸ் மேல் வைக்காதீர்கள், கீறிவிடும். எல்லாம் வைத்தபின் ஒரு நூலை எடுத்து ட்வீட்டரிலிருந்து உங்கள் மூக்குவரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் குரல் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் இழுக்கும்.

ஒயருக்கு 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் போதும், வீட்டு வயரிங் கடையில் கிடைப்பதே. 5 மீட்டர் ஓட்டத்துக்குப் போக வர மொத்தத் தடை 0.07 ஓம் அளவுதான். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சிவப்பும் கறுப்பும் ஒரு பக்கம் மாறிப்போவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பேஸ் மெலிந்து, குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் காதை அழுத்துவது போல இருந்தால் முதலில் இதைப் பாருங்கள். சந்தேகம் தீர, ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஒயரைக் கழற்றி 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியின் மைனஸைக் கறுப்பில் வைத்து, பிளஸ்ஸைச் சிவப்பில் ஒரு கணம் தொடுங்கள். இரண்டு ஊஃபரும் வெளியே தள்ள வேண்டும். ஒன்று உள்ளே போனால் அது மாறியிருக்கிறது.

அடுத்து அறை. சிமென்ட் பூச்சுச் சுவர், டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை: நம் வீட்டில் ஒலியை உறிஞ்ச ஒன்றுமே இல்லை. இந்த அளவு அறை காலியாக இருந்தால் எதிரொலி அடங்கக் கணக்குப்படி இரண்டரை நொடிக்கு மேல் ஆகும். இசைக்கு அரை நொடிக்குள் வர வேண்டும். கைதட்டிப் பாருங்கள், 'ட்ரிங்' என்று ஓர் இழுவை வந்தால் இன்னும் வேலை இருக்கிறது. இலவம்பஞ்சு மெத்தை போட்ட கட்டில், மடிப்பு மடிப்பாகத் தொங்கும் தடித்த திரை, புத்தகம் நிறைந்த திறந்த அலமாரி, இவை மூன்றும் சேர்ந்தே பாதி வேலையைச் செய்துவிடும். பவானி ஜமக்காளம் தரையின் உயர்சுருதிச் சிதறலை மட்டும் கொஞ்சம் குறைக்கும். கோரைப்பாயால் பெரிய பயன் இல்லை. முட்டை அட்டையை ஒட்டாதீர்கள். அது ஒலியை உறிஞ்சாது, தீப்பிடித்தால் ஆபத்து.

செலவு செய்ய முடிந்தால் ராக்வூல் (பாறை நாரில் செய்த பஞ்சு) பலகை: கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி, 50 மி.மீ. பலகைகளை இரண்டாக அடுக்கி 100 மி.மீ., 4 அடிக்கு 2 அடி மரச்சட்டத்தில், மேலே வாய் வைத்து ஊதினால் காற்றுப் போகும் காடாத்துணி. வெட்டும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். எங்கே மாட்டுவது என்பதற்கு ஒரு கண்ணாடி போதும். நீங்கள் உங்கள் இடத்தில் உட்காருங்கள், இன்னொருவர் பக்கச் சுவரோடு கண்ணாடியை நகர்த்தட்டும். ட்வீட்டர் தெரியும் இடத்தில் பலகை வர வேண்டும். பக்கத்துக்கு ஒன்று, முதுகுப்புறச் சுவரில் இரண்டு. நான்கு பலகையில் குரலின் தெளிவு மாறுவதைக் கேட்ட பிறகு, ஸ்பீக்கரை மாற்றும் ஆசை பலருக்கு அடங்கிவிடுகிறது.

இந்த அமைப்பிலும் 95 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு புடைப்பு மிஞ்சும். நீளவாக்கின் இரண்டாவது நிலை அலை அது. ரூம் ஈக்யூ விசர்ட் என்ற இலவச மென்பொருளும் அளவீட்டு மைக் ஒன்றும் இருந்தால் அதைத் திரையிலேயே பார்த்து, ஈக்வலைசரில் (சுருதிவாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதி) 3 முதல் 5 டெசிபல் வெட்டலாம். புடைப்பை மட்டும் வெட்டுங்கள். பள்ளத்தை ஏற்றி நிரப்பப் பார்த்தால் ஆம்ப்ளிஃபையரின் சக்திதான் வீணாகும், பள்ளம் அப்படியே இருக்கும். 250 ஹெர்ட்ஸுக்கு மேல் கை வைக்க வேண்டியதில்லை.

ஹெட்ஃபோன் பழகியவர்கள் எதிர்பார்க்காத ஒன்று, வீட்டுப் பொருள்களும் கூடவே பாடும் என்பது. பீரோ கதவு, ஷோகேஸ் கண்ணாடி, ஜன்னல் கொக்கி, சுவர் ஓரம் அடுக்கிய எவர்சில்வர் தட்டு. போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றைப் போட்டு 40இலிருந்து 200 ஹெர்ட்ஸ்வரை மெதுவாக ஏற்றுங்கள். எது அதிர்கிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். பீரோ கதவிடுக்கில் ஒரு ஃபெல்ட் துண்டு போதும்.

மின்விசிறி பெரிய தலைவலி. ஐந்தில் ஓடும் சீலிங் ஃபேன், பாட்டின் மெல்லிய முடிவுகளை முழுக்க விழுங்கிவிடும், சித்திரை வெயிலில் அதை நிறுத்தவும் முடியாது. இரண்டில் வைத்தால் காற்றும் இசையும் சமாதானமாகும். ஆனால் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரைக் குறைத்து வைத்தால் ஸ்பீக்கரில் 'ஙீ' என்ற இரைச்சல் நுழைவதுண்டு. ரெகுலேட்டர் தேவைப்படாத பி.எல்.டி.சி. விசிறியில் இந்தத் தொல்லை குறைவு, ஓட்டமும் அமைதி.

இரைச்சல் ரெகுலேட்டரிலிருந்து இல்லாமல் எப்போதும் 'ம்ம்ம்' என்று இருந்தால் அது பெரும்பாலும் எர்த் சுற்று, அதாவது கருவிகளின் எர்த் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் இணைந்து உண்டாகும் வளையம். ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். கேபிள் டி.வி. ஒயர் அல்லது லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றால் அதுதான் காரணம். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் போடுங்கள், டி.வி.யை ஆப்டிகல் ஒயரில் இணையுங்கள், அதில் மின்தொடர்பே இல்லை. எர்த் பின்னை உடைத்து இரைச்சலை நிறுத்தும் வழக்கம் உயிருக்கே ஆபத்து. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் டிரான்ஸ்ஃபார்மர் உறுமுவது இயல்பு, கரண்ட் வரும்வரை நிறுத்திவைப்பதே நல்லது.

நீண்ட நாள் கேட்பதில் உடம்புக்குத் தெரியும் வித்தியாசம் உண்டு. காது வேர்க்காது, பட்டை அழுத்தாது, குக்கர் விசிலும் அழைப்பு மணியும் கேட்கும். அதற்காக ஸ்பீக்கர் என்றாலே காதுக்குப் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம், 80 டெசிபல் என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு, பிள்ளைகளுக்கு 75. ஒலியைக் குறைத்தால் பேஸ் முதலில் மறைவது காதின் இயல்பு. ஆம்ப்ளிஃபையரில் லவுட்னஸ் பொத்தான் இருந்தால் ராத்திரி அதைத் தயங்காமல் போடுங்கள்.

ஆனாலும் ஹெட்ஃபோனைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பதிவில் ஒளிந்திருக்கும் மூச்சு, நாடா இரைச்சல், வெட்டி ஒட்டிய இடம், இவற்றையெல்லாம் அது நன்றாகவே காட்டும். 40 ஹெர்ட்ஸுக்குக் கீழான பேஸும் இந்தச் சிறிய பெட்டிகளில் வராது. அடுக்குமாடியில் பேஸ் சுவர் தாண்டிப் போகும். குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை சட்டம் வைத்திருக்கும் அளவு 45 டெசிபல்; அந்த நேரத்துக்கு ஹெட்ஃபோன்தான்.

வருஷங்கள் ஓடும்போது நம் சீதோஷ்ணம் தன் வேலையைக் காட்டும். ஊஃபரைச் சுற்றியுள்ள வளையம் ஃபோம் என்றால், கடலோர ஊர்களில் பத்துப் பதினைந்து வருஷத்தில் கையோடு உதிரும்; வாங்கும்போதே ரப்பர் வளையமா என்று தொட்டுப் பாருங்கள். உதிர்ந்தாலும் ஸ்பீக்கரை எறிய வேண்டாம், வளையத்தை மட்டும் மாற்றலாம். எப்போதும் ஜோடியாக மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டின் பேஸும் ஒத்துப்போகாது. வால்யூம் திருகும்போது 'கரகர' வந்தால் கான்டாக்ட் கிளீனர் ஒரு பீய்ச்சு அடித்து, இருபது முப்பது முறை முழுக்கத் திருகினால் போகும். ஒயர் முனை கறுத்திருந்தால் அரை அங்குலம் வெட்டிப் புதிதாகச் சீவி மாட்டுங்கள். கதகதப்புக்காக ஆம்ப்ளிஃபையருக்குள் பல்லி புகுந்து போர்டை ஷார்ட் செய்வது நம் ஊரில் சாதாரணம். மேல் துளைகளை அடைக்காமல், பின்புற இடைவெளிகளில் மட்டும் மெல்லிய கொசுவலைத் துண்டு ஒட்டிவிடுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஸ்பீக்கரின் முன்துணியைக் கழற்றவே கூடாது, ட்வீட்டரின் குமிழைக் கண்டால் எந்தக் குழந்தையும் விரலால் அழுத்தாமல் விடாது.