வகுப்புக்கு வலைப்பூ: பிளாக்கரா, வேர்ட்பிரஸ்ஸா, எடுபிளாக்ஸா?

வகுப்புக்கு ஒரு வலைப்பூ தொடங்கலாம் என்று முடிவானதும் ஆசிரியர்கள் பெரும்பாலும் பார்ப்பது இரண்டைத்தான்: இலவசமா, பார்க்க அழகாக இருக்கிறதா. இந்த மூன்று தளங்களிலும் காசில்லாமல் தொடங்கலாம். அழகு ஒரு வாரத்தில் கண்ணுக்குப் பழகிவிடும். ஆண்டு முழுக்க வேலை ஓடுமா ஓடாதா என்பதைத் தீர்மானிப்பது, ‘வெளியிடு’ பொத்தான் யார் கையில் இருக்கிறது என்பது. இங்கே ஒப்பீடு அதை வைத்துத்தான். எடுத்துக்கொண்ட வகுப்பு, நாற்பது பேர் படிக்கும் ஒன்பதாம் வகுப்பு. பாடம் தமிழ். வேலை, கட்டுரை எழுதுவதும் திருத்துவதும்.

வலைப்பூவே தேவையா என்பதை முதலில் பார்த்துவிடலாம். கட்டுரையை வாங்கித் திருத்தி மதிப்பெண் போடுவது மட்டுமே நோக்கம் என்றால் கூகுள் கிளாஸ்ரூம் போதும். மாணவருக்கு மட்டும் தெரியும்படி குறிப்பு எழுதலாம், ஆவணத்தின் முந்தைய நிலைகளைத் திறந்து பார்க்கலாம். ஆனால் அங்கே கட்டுரைக்கு வாசகர் ஒரே ஒருவர், ஆசிரியர். வாட்ஸ்அப் குழுவில் வாசகர் உண்டு. ஜூலையில் போட்ட கட்டுரையை மார்ச்சில் தேடி எடுப்பது பெரும்பாடு, தவிர எல்லார் கைபேசி எண்ணும் எல்லாருக்கும் தெரிந்துவிடும். கூகுள் சைட்ஸில் பின்னூட்டப் பகுதியே கிடையாது. சக மாணவரும் பெற்றோரும் படிக்கவேண்டும், பதில் எழுதவேண்டும், ஆண்டு முடிவில் எல்லாம் வரிசையாகக் கிடைக்கவேண்டும் என்றால்தான் வலைப்பூ. பள்ளிகளில் முன்பு நடத்திய கையெழுத்துப் பத்திரிகை செய்த வேலைதான் இது, ஒரே பிரதி என்ற குறை மட்டும் இல்லை.

அடுத்த கேள்வி, ஒரு வலைப்பூவா நாற்பதா. ஆளுக்கொரு வலைப்பூ என்பது கேட்க நன்றாக இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். வாரம் ஆளுக்கு ஒரு பதிவு, ஒரு பதிவைப் படித்துக் குறிப்பு எழுத 7 நிமிடம் என்றால் 280 நிமிடம், அதாவது வாரத்துக்கு நாலே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இன்னும் மூன்று வகுப்புகள் கையில் வைத்திருக்கும் ஆசிரியரால் இது முடியாது. மூன்றாம் வாரமே பதில் வராத பதிவுகள் குவியும், பிள்ளைகள் எழுதுவதை நிறுத்துவார்கள். ஒரே வகுப்பு வலைப்பூ, வாரத்துக்கு எட்டுப் பேர் எழுதுவது, மற்ற 32 பேரும் ஆளுக்கு இரண்டு பின்னூட்டம் போடுவது என்று சுழற்சி வைத்தால் பதிவுகளுக்கு 56 நிமிடம் போதும். ஐந்து வாரத்துக்கு ஒருமுறை முறை வரும். பின்னூட்டங்கள் வாரம் 64 வருமே என்றால், அவற்றைப் படித்து அனுமதிக்க அரை மணி நேரம் ஆகும், அவ்வளவுதான். தனி வலைப்பூ கல்லூரி மாணவருக்குச் சரி. பள்ளியில் வகுப்பு வலைப்பூதான் நிலைக்கும்.

பிளாக்கர்

1999-இல் வந்தது, 2003-இல் கூகுள் வாங்கியது. கூகுள் கணக்கு இருந்தால் ஐந்து நிமிடத்தில் தொடங்கிவிடலாம். ஒரு வலைப்பூவில் நூறு பேர் வரை சேர்க்கலாம், ஆகவே நாற்பது பேர் பிரச்சினையில்லை.

சிக்கல் பொறுப்புகளில் இருக்கிறது. பிளாக்கரில் இரண்டே பொறுப்புகள்: நிர்வாகி, எழுத்தாளர். எழுத்தாளராகச் சேர்த்த மாணவர் நேராக வெளியிட்டுவிடலாம். ஆசிரியர் பார்த்த பிறகு வெளியிடும் வழி அந்த அமைப்பில் இல்லை. ஒரு மாணவர் இன்னொருவரைக் கிண்டல் செய்து எழுதினால், அது ஆசிரியர் கண்ணில் படும்போது ஏற்கெனவே பாதி வகுப்பு படித்திருக்கும். பழைய வடிவங்களையும் பிளாக்கர் சேமித்து வைப்பதில்லை. மாணவர் திருத்திச் சேமித்தால் முதல் வடிவம் போய்விடும். எழுத்துப் பயிற்சிக்கு இது பெரிய இழப்பு. எதைத் திருத்தினார் என்று காட்ட முடியாது.

இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு, நன்றாகவே வேலை செய்யும். அமைப்புகளில் மின்னஞ்சல் பகுதிக்குப் போய், மின்னஞ்சல் வழியாகப் பதிவிடும் வசதியை இயக்கி, ஒரு ரகசியச் சொல் கொடுத்தால் வலைப்பூவுக்கென்று ஒரு முகவரி கிடைக்கும். வருவதை ‘வரைவாகச் சேமி’ என்று வைத்துவிடவேண்டும். மாணவர் எந்த மின்னஞ்சலிலிருந்து அனுப்பினாலும் தலைப்பு வரி பதிவின் தலைப்பாகும், உள்ளடக்கம் வரைவாக வந்து நிற்கும், வெளியிடுவது ஆசிரியர். மாணவருக்குக் கூகுள் கணக்கே தேவையில்லை, வீட்டில் அப்பாவின் மின்னஞ்சலிலிருந்தும் அனுப்பலாம். இதில் மூன்று இடங்களில் சறுக்கும். பதிவு ஆசிரியர் பெயரில் வரும். எனவே முதல் வரியில் மாணவர் பெயரை எழுதச் சொல்லி, அதையே லேபிளாகவும் (பதிவுகளை வகைபிரிக்கும் சொல்லாகவும்) போடவேண்டும். கைபேசி தானாகச் சேர்க்கும் கையொப்ப வரி பதிவின் அடியில் ஒட்டிக்கொண்டு வரும், அதில் தொலைபேசி எண் இருந்தால் அதுவும் வெளியாகிவிடும். வெளியிடும் முன் கடைசி வரியைப் பார்ப்பது கட்டாயம். முகவரி வெளியே கசிந்தால் யார் வேண்டுமானாலும் அனுப்பலாம் என்பதால் ரகசியச் சொல்லைப் பருவத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

வேர்ட்பிரஸ்

வேர்ட்பிரஸ்.காமின் இலவசத் திட்டத்தில் இடம் குறைவு, விளம்பரமும் வரும். எந்த விளம்பரம் என்பது ஆசிரியர் கையில் இல்லை. பெற்றோரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். இந்த இரண்டும்தான் குறை. பொறுப்புகளைப் பொறுத்தவரை பிளாக்கரைவிட இது பல படி மேல்.

இங்கே நிர்வாகி, தொகுப்பாளர், எழுத்தாளர், பங்களிப்பாளர் என்று தனித்தனியாக இருக்கிறது. மாணவருக்குக் கொடுக்கவேண்டியது பங்களிப்பாளர் பொறுப்பு. அவர் எழுதலாம், சேமிக்கலாம், பரிசீலனைக்கு அனுப்பலாம், வெளியிட முடியாது. அனுப்பியது ‘நிலுவை’ப் பட்டியலில் வந்து நிற்கும். ஆசிரியர் திறந்து படித்து, திருத்தம் வேண்டுமென்றால் வரைவுக்குத் திருப்பிவிட்டு, சரியானதும் வெளியிடலாம். ஒவ்வொரு சேமிப்பின் வடிவமும் பதிவாகும். பழையதையும் புதியதையும் பக்கம் பக்கமாக வைத்து எந்தச் சொல் மாறியது என்று நிறமிட்டுக் காட்டும். வல்லினம் மிகும் இடத்தை முதல் வடிவத்தில் விட்டு, இரண்டாவதில் போட்டதைத் திரையில் காட்டிப் பாடம் நடத்த இதைவிட வசதி வேறில்லை.

பங்களிப்பாளர் பொறுப்பில் ஒரு பொறி இருக்கிறது: படம் ஏற்ற முடியாது. முதல் வாரமே “சார், படம் போக மாட்டேங்குது” என்று வரிசையில் நிற்பார்கள். அதற்காக எழுத்தாளராக உயர்த்தினால் வெளியிடும் உரிமையும் கூடவே போய்விடும். படத்தைத் தனியே வாங்கி ஆசிரியரே சேர்ப்பதுதான் வழி. இன்னொன்று, வெளியான பிறகு பங்களிப்பாளரால் தன் பதிவைத் திருத்த முடியாது. எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் ஆசிரியரிடம்தான் வரவேண்டும். பலர் இதைக் குறை என்கிறார்கள். ‘அனுப்பு’ அழுத்தும் முன் இன்னொருமுறை படிக்கும் பழக்கம் இதனால்தான் வருகிறது என்பது எங்கள் கணிப்பு.

நாற்பது பேரையும் மின்னஞ்சல் அழைப்பு வழியாகச் சேர்க்கவேண்டும் என்பது வேலை. வகுப்பில் பாதிப் பேருக்கு மின்னஞ்சல் இருக்காது, இருந்தாலும் கடவுச்சொல் நினைவிருக்காது. கணினி அறையில் ஒரே நாளில் எல்லாருக்கும் கணக்குத் தொடங்கிவிடலாம் என்று திட்டமிட்டால் 45 நிமிடப் பாடவேளை அதற்கே போய்விடும். பத்துப் பத்துப் பேராக நான்கு நாளில் செய்வது மேல்.

எடுபிளாக்ஸ்

2005-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. உள்ளே இருப்பது வேர்ட்பிரஸ்தான், பள்ளிக்கென்று மேலே சில கருவிகளைச் சேர்த்திருக்கிறார்கள். முக்கியமானது, மாணவருக்கு மின்னஞ்சல் இல்லாமலே ஆசிரியர் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் உருவாக்கிக் கொடுக்கலாம். பதிவுக்கும் பின்னூட்டத்துக்கும் ஆசிரியர் அனுமதி கட்டாயம் என்று வகுப்பு முழுமைக்கும் ஒரே இடத்தில் அமைக்கலாம். 13 வயதுக்குக் கீழ், அதாவது ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மற்ற இரண்டிலும் கணக்குத் தொடங்குவதே விதிப்படி சிக்கல் என்பதால் அவர்களுக்கு இதுதான் பொருத்தம். விலையாகக் கொடுக்கவேண்டியது ஒன்று: மின்னஞ்சல் இல்லாததால் கடவுச்சொல் மறந்தால் மாணவரால் தானே மீட்க முடியாது. வாரத்துக்கு நாலைந்து பேர் கேட்டு வருவார்கள். பட்டியலை அச்சடித்து மேசை இழுப்பறையில் வைத்திருக்கவேண்டும். வகுப்புச் சுவரில் ஒட்டக்கூடாது.

ஆக, ஒன்பது, பத்தாம் வகுப்பு என்றால் வேர்ட்பிரஸ். சின்ன வகுப்பு என்றால் எடுபிளாக்ஸ். மாணவர் யாரிடமும் கணக்கு இல்லை, ஆசிரியருக்கும் நேரமில்லை, ஒரு பருவம் முயன்று பார்க்கவேண்டும் என்றால் மின்னஞ்சல் வழிப் பிளாக்கர்.

தமிழில் எழுதும்போது மட்டும் வரும் தொல்லைகள்

பதிவுக்குத் தமிழில் தலைப்பு வைத்தால் பிளாக்கர் அதிலிருந்து முகவரி உருவாக்காது. ‘பிளாக்-போஸ்ட்’ என்ற பொதுப்பெயரோடு ஓர் எண்ணைச் சேர்த்துவிடும். நாற்பது பதிவு ஆனபின் எந்த இணைப்பு எது என்று தெரியாது. வெளியிடும் முன் நிலையிணைப்பு என்ற இடத்தில் ஆங்கில எழுத்தில் மாணவர் பெயரும் பாடமும் வருமாறு சுருக்கமாகத் தட்டவேண்டும். வேர்ட்பிரஸ் தமிழ்த் தலைப்பை அப்படியே முகவரியாக்கும். அதை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் (‘கி’ என்பதில் க ஒன்று, இகரக் கொம்பு ஒன்று என்று இரண்டு குறி) சதவீதக் குறிகளோடு ஒன்பது எழுத்தாக விரிந்து நாலு வரிக்கு ஓடும். முகவரிக்கு 200 எழுத்து வரம்பு இருப்பதால் 22 குறிகளுக்கு மேல் போனால் தலைப்பு நடுவிலேயே வெட்டுப்படும். இங்கும் அதே மருந்து.

டிடிபி கடையில் தட்டி வாங்கி வரும் கட்டுரை பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால் ஒட்டியதும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றிய பிறகே ஒட்டவேண்டும். எம்எஸ் வேர்டிலிருந்து ஒட்டினால் எழுத்தளவு கலைந்து வரும். கன்ட்ரோல், ஷிப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வெறும் எழுத்து மட்டும் வரும். கைபேசியில் குரல்வழித் தட்டச்சு செய்பவர்களிடம் நிறுத்தக்குறியே இருக்காது, ல, ள, ழ மாறிக் கிடக்கும், ஒற்று பல இடத்தில் விடுபட்டிருக்கும். திருத்தப் பயிற்சிக்கு இதுவே நல்ல மூலப்பொருள்.

பின்னூட்டம்

பிளாக்கர், வேர்ட்பிரஸ் இரண்டிலும் இயல்பாக இருக்கும் அமைப்பை நம்பக்கூடாது. வேர்ட்பிரஸ்ஸில் ஒருவருடைய முதல் பின்னூட்டத்தை அனுமதித்துவிட்டால் அடுத்தடுத்தவை தானாக வெளியாகும்படி இருக்கும். ‘ஒவ்வொன்றையும் நேரில் அனுமதிக்கவேண்டும்’ என்பதைத் தேர்ந்தெடுக்கவேண்டும். பிளாக்கரில் மட்டுறுத்தலை, அதாவது பார்த்து அனுமதிப்பதை, ‘எப்போதும்’ என்று வைக்கவேண்டும். அங்கே பின்னூட்டப் பெட்டி பதிவின் அடியிலேயே பொதிந்திருந்தால், வெளித்தளக் குக்கீயை (வேறு தளம் உலாவியில் சேமிக்கும் சிறு தகவலை) தடுக்கும் உலாவிகளில் உள்நுழைய முடியாமல் போகும். ‘முழுப் பக்கம்’ என்று மாற்றினால் சரியாகும்.

அமைப்பைச் சரிசெய்தாலும் வருவது ‘சூப்பர்’, ‘அருமை நண்பா’தான். பதிவிலிருந்து ஒரு வரியை எடுத்துக்காட்டி அதைப் பற்றிச் சொல்வது, கூடவே ஒரு கேள்வி கேட்பது. இந்த இரண்டில் ஒன்று குறைந்தாலும் பின்னூட்டத்துக்கு அனுமதி இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டால் இரண்டாம் சுற்றில் நிலைமை மாறும். எழுதியவர் அந்தக் கேள்விக்குப் பதில் தரவேண்டும் என்பதையும் மதிப்பெண்ணில் சேர்க்கலாம்.

பெயர், படம், ஒப்புதல்

இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்கிறது, அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. ஒப்புதல் தாளில் தளத்தின் முகவரி, பெயர் எப்படி வரும், படம் போடுவோமா, நீக்கச் சொன்னால் யாரிடம் சொல்வது ஆகிய நான்கும் இருக்கவேண்டும். முதற்பெயர் மட்டும் போதும். சீருடையில் எடுத்த படத்தோடு பெயரைச் சேர்த்தால் பள்ளியும் பிள்ளையும் ஒருசேர அடையாளம் தெரிந்துவிடும். தேடுபொறிக்குத் தெரியவேண்டாம் என்ற அமைப்பு மூன்றிலும் உண்டு. அது கூகுளில் வராமல் தடுக்கும், இணைப்பு வைத்திருப்பவரைத் தடுக்காது.

பருவ முடிவில்

பள்ளிகள் நம்பியிருந்த இணையத் தளங்களில் விக்கிஸ்பேசஸ் 2018-இல் மூடியது, எட்மோடோ 2022-இல். அதனால் பருவத்துக்கு ஒருமுறை பிரதி எடுக்கவேண்டும். பிளாக்கர், வேர்ட்பிரஸ் இரண்டிலும் பதிவுகள் எக்ஸ்எம்எல் வகைக் கோப்பாகக் கிடைக்கும். அதில் எழுத்து இருக்கும், படம் இருக்காது. படங்களைத் தனியே இறக்கவேண்டும். பிளாக்கர் கோப்பை வேர்ட்பிரஸ்ஸில் ஏற்றலாம், வேர்ட்பிரஸ் கோப்பைப் பிளாக்கர் நேரடியாக ஏற்காது. முதலில் பிளாக்கரில் தொடங்கிப் பிறகு மாறுவது எளிது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அரசுப் பள்ளியில் இன்னொன்றையும் செய்யவேண்டும். வலைப்பூ ஆசிரியரின் சொந்தக் கணக்கில் இருந்து, கலந்தாய்வில் அவர் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டால் பள்ளியில் யாராலும் உள்ளே நுழைய முடியாது. தொடங்கும் நாளிலேயே இன்னொரு ஆசிரியரையும் நிர்வாகியாகச் சேர்த்து, அவர் உள்நுழைந்து ஒரு வரைவைச் சேமிக்க முடிகிறதா என்று பார்த்துவிடவேண்டும். அழைப்பு அனுப்பினால் மட்டும் போதாது. அவர் மின்னஞ்சலைத் திறந்து ஏற்காதவரை அந்தப் பொறுப்பு நடைமுறைக்கு வராது.