வலிப்புக்கு ‘கீட்டோ பொதி’ விற்கிறார்கள்: காசு கொடுக்க முன் இதை வாசியுங்கள்

மலையக நகரமொன்றில் மாடி அறை ஒன்றை வாடகைக்கு எடுத்து, வலிப்பு நோய்க்கு ‘கீட்டோ உணவுச் சிகிச்சை’ என்று பொதி விற்கிறார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் வாட்ஸ்அப்பில் சுற்றும் அறிவித்தலில் இருப்பது ஒரே வாக்குறுதிதான்: மூன்று மாதத்தில் ஃபிட்ஸ் நிற்கும், பிறகு ஆயுளுக்கும் மாத்திரை வேண்டாம்.

அங்கே காசு கட்டிய ஒரு குடும்பத்தின் பிள்ளைக்கு ஆறு வயது, எடை 18 கிலோ. கிளினிக்கில் தந்த சோடியம் வல்புரோவேற் என்ற வலிப்பு மருந்தை எடுத்துவந்த பிள்ளை. அவர்களுக்குக் கொடுத்த பொதியில் ‘சீரோ காப் மா’ (மாச்சத்தே இல்லாத மா என்று அர்த்தம்), ‘எம்.சி.ரி. எண்ணெய்’ (தேங்காய் எண்ணெய் போன்றவற்றிலிருந்து பிரித்தெடுக்கும் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு) என்று ஒட்டிய போத்தல், சின்னப் பொலித்தீன் பையில் சிறுநீர் பார்க்கும் ஸ்ட்ரிப், பெயரே இல்லாத மண்ணிறப் பொடி, ஒரு சாப்பாட்டு அட்டவணை. இரண்டாவது வாரம் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்திய சில நாளில் வலிப்பு விட்டுவிட்டு வந்து, நினைவு திரும்பாமலே பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போனது. இப்போது தேறிவிட்டது. காசைக் கேட்டால், வீட்டில் அட்டவணையை ஒழுங்காகக் கடைப்பிடிக்கவில்லை என்று தாயின் மேல் பழி போடுகிறார்கள். அந்தப் பழி பொய். அட்டவணையை அப்படியே கடைப்பிடித்திருந்தாலும் அது கீட்டோ உணவு ஆகியிருக்காது. ஏன் என்பதைக் கணக்கோடு சொல்கிறோம்.

முதலில் ஒன்று தெளிவாக இருக்கட்டும். உணவால் வலிப்பைக் குறைப்பது உண்மையான மருத்துவம். 1921இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ரசல் வைல்டர் இதற்குக் கீட்டோஜெனிக் என்று பெயர் வைத்தார். பட்டினி கிடக்கும்போது சிலருக்கு வலிப்பு குறைவதைக் கண்டு, பட்டினி கிடக்காமலே உடலை அந்த நிலையில் வைத்திருக்க எடுத்த வழி அது. மாச்சத்து மிகக் குறைந்து கொழுப்பு கூடினால் ஈரல் கொழுப்பிலிருந்து கீட்டோன் தயாரிக்கும். மூளை குளுக்கோசுக்குப் பதிலாகப் பெரும்பங்கு அதை எரிக்கும். 2008இல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வில், மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள பிள்ளைகளில் உணவு மாற்றியவர்களில் 38 சதவீதத்தினருக்கு மூன்று மாதத்தில் வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது. மாற்றாதவர்களில் அது 6 சதவீதம். நல்ல பலன்தான். ஆனால் அந்தப் பிள்ளைகள் மாத்திரையோடு சேர்த்தே உணவை எடுத்தார்கள். பெரும்பாலானோருக்கு வலிப்பு முழுதாக நிற்கவும் இல்லை. ‘எல்லாருக்கும் நிற்கும்’ என்று சொல்கிறவர் அந்தச் சொல்லிலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறார்.

வலிப்புள்ளவர்களில் ஏறக்குறைய பத்தில் ஏழு பேருக்கு மாத்திரையாலேயே கட்டுப்படும். அவர்களுக்கு இந்த உணவு தேவையே இல்லை. சரியாகத் தெரிவு செய்த இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் நிற்காதவர்களுக்கும், குளுக்கோஸ் மூளைக்குள் போகாத குளூட்-1 குறைபாடு போன்ற சில நோய்களுக்கும்தான் வைத்தியர்கள் இதை எழுதுகிறார்கள். அந்தப் பிள்ளை ஒரே ஒரு மருந்தில் இருந்தது. அதன் அளவு போதுமா என்றுகூட யாரும் பார்க்கவில்லை.

இனிக் கணக்கு. கண்டிப்பான கீட்டோ உணவு 4:1 விகிதம். அதாவது புரதமும் மாச்சத்தும் சேர்ந்து 1 கிராம் என்றால் கொழுப்பு 4 கிராம். 18 கிலோ பிள்ளைக்கு ஒரு நாளுக்கு 1,000 கலோரி என்று வைப்போம். கொழுப்பு 100 கிராம். புரதமும் மாச்சத்தும் சேர்த்து 25 கிராம். வளரும் பிள்ளைக்குக் கிலோவுக்கு 1 கிராம் வீதம் புரதம் 18 கிராம் போய்விடும். மிஞ்சுவது 7 கிராம் மாச்சத்து, ஒரு முழு நாளுக்கும். இரண்டு தேக்கரண்டி சீனியே 8 கிராம். அவித்த சோறு 25 கிராம், அதாவது ஒரு சின்னக் கவளம், 7 கிராம். 50 கிராம் கோதுமை மாவில் சுட்ட ஒரு ரொட்டி 38 கிராம்.

அந்த அட்டவணையைப் பார்ப்போம். பத்து மணிக்கு ஒரு வாழைப்பழம்: 20 கிராம். பகலில் அவித்த பருப்பு 100 கிராம்: நார் கழித்து 12. பின்னேரம் பிளேன்டீயில் ஒரு தேக்கரண்டி கித்துல் பாணி: 5 அளவில். இரவு அவித்த பாசிப்பயறு: 11. ரொட்டியைச் சேர்க்காமலே 50 கிராமுக்குக் கிட்ட வருகிறது. வேண்டியதைப் போல ஏழு மடங்கு! ‘சீனி கூடாது, பாணியும் தேனும் இயற்கை’ என்று எழுதியிருக்கிறார்கள். ஈரலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. கருப்பட்டியும் அப்படித்தான்.

அடுத்தது ‘சீரோ காப் மா’. லேபலில் தயாரித்தவர் பெயர் இல்லை, முகவரி இல்லை, காலாவதித் திகதி இல்லை. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். வெள்ளைச் சோசரில் ஒரு சிட்டிகை மாவைத் தண்ணீரில் கரைத்து, காயத்துக்குப் போடும் மண்ணிறப் பொவிடோன் அயடின் ஒரு சொட்டு விடுங்கள். பக்கத்தில் கோதுமை மாவும், காய்ந்த தேங்காய்ப்பூவும் தனித்தனியாக வைத்து அவற்றிலும் ஒரு சொட்டு விடுங்கள். மாப்பொருள் இருந்தால் கருநீலமாகும். தேங்காய்ப்பூ மண்ணிறமாகவே நிற்கும். கருநீலம் வந்தால் அது சோறு, கிழங்கு, கோதுமை இனம்தான், பெயர் என்னவாக இருந்தாலும் சரி. நிறம் மாறாவிட்டால் நல்லது என்றும் முடிவு கட்ட வேண்டாம்: அயடின் சீனியைப் பிடிக்காது. சோதித்த மாவைக் கொட்டிவிடுங்கள்.

எண்ணெய்க்கு நம் குளிரே சோதனை. தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையும். நுவரெலியா, தலவாக்கலைப் பக்கம் இரவில் வெளியே வைத்தாலே போத்தல் வெள்ளையாகக் கட்டிவிடும். உண்மையான எம்.சி.ரி. எண்ணெய் குளிர்சாதனப் பெட்டியில்கூடத் தெளிந்த நீராகவே இருக்கும். உறைந்தால் உங்களுக்கு விற்றது சாதாரணத் தேங்காய் எண்ணெய். உறையாவிட்டாலும் வேறு மலிவு எண்ணெயாக இருக்கலாம். தேங்காய் எண்ணெயில் கீட்டோனாக விரைவில் மாறும் அந்த வகைக் கொழுப்பு ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான். தேங்காய் எண்ணெய் கெட்டது என்று சொல்லவில்லை. கீட்டோ உணவில் கொழுப்புக்கு அதைத் தாராளமாகச் சேர்க்கலாம், கடை விலைக்கு. எதையும் ஒரேயடியாக அள்ளி ஊற்றினால் வயிற்றோட்டமும் வாந்தியும்தான் மிஞ்சும்.

ஸ்ட்ரிப்பில்தான் மிகவும் கவனம் வேண்டும், ஏனென்றால் ஏமாற்று அங்கேதான் மெய் போலத் தெரிகிறது. சிறுநீரில் கீட்டோன் இருந்தால் ஸ்ட்ரிப்பின் முனை இளஞ்சிவப்பிலிருந்து கத்தரிப்பூ நிறம் வரை போகும். சிகிச்சையில் பொதுவாக எதிர்பார்ப்பது டெசிலீற்றருக்கு 80 முதல் 160 மில்லிகிராம் வரை, அதாவது நிற அட்டையின் கடைசிக் கட்டங்கள். அந்தப் பிள்ளையின் ஸ்ட்ரிப் வெளிறிய இளஞ்சிவப்பு. ‘வேலை செய்யத் தொடங்கிவிட்டது’ என்று படம் எடுத்துக் குழுவில் போட்டார்கள். வல்புரோவேற் எடுக்கும் ஒருவரின் சிறுநீரில், அந்த மருந்து உடைந்து வெளியேறும் பொருள்களாலேயே கீட்டோன் ஸ்ட்ரிப் நிறம் காட்டலாம். சோறும் ரொட்டியும் தின்றாலும் காட்டலாம். அதனால்தான் சரியான இடத்தில் விரலில் குத்தி இரத்தத்தில் பார்க்கிறார்கள். இன்னொன்று: ஸ்ட்ரிப் ஈரம் உறிஞ்சினால் கெட்டுவிடும். அதன் சொந்தப் போத்தலில், இறுக மூடி, ஈரம் உறிஞ்சும் சிறு பையோடு இருக்க வேண்டும். மூடி திறந்து ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். மழைக்காலத்தில் லயன் அறையில் பொலித்தீன் பையில் கிடந்த ஸ்ட்ரிப் எதைக் காட்டினாலும் அதற்கு அர்த்தம் இல்லை.

பெயரில்லாத பொடியைப் பற்றி எங்களுக்கு மிகவும் பயம். நாட்டு மருந்து என்று விற்ற வலிப்புப் பொடிகளில் பீனோபார்பிடோன் கலந்திருந்தது இந்தியாவில் பிடிபட்டிருக்கிறது. அது மலிவான பழைய வலிப்பு மருந்து. பொடி கொடுத்ததும் வலிப்பு குறையும், பிள்ளை தூங்கி வழியும், பெற்றோர் உணவுதான் சுகப்படுத்தியது என்று நம்புவார்கள். பொடி முடிந்து, அடுத்ததற்குக் காசில்லாமல் நின்றால், அன்று வருகிற வலிப்பு முன்னெப்போதையும் விடக் கடுமையாக இருக்கும். இப்படி ஒரு பொடி கையில் இருந்தால் எறியாதீர்கள், பொட்டலத்தோடு கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். இரத்தத்தில் பீனோபார்பிடோன் இருக்கிறதா என்று பார்க்க முடியும்.

‘மாத்திரை கீட்டோனைத் தடுக்கிறது, அதனால் நிறுத்துங்கள்’ என்று பொதி விற்கிறவர்கள் சொல்வது முழுப் பொய். வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்துவதே நிற்காத வலிப்புக்கு முக்கிய காரணங்களில் ஒன்று. உணவு நன்றாகப் பலன் தந்தாலும் வைத்தியர் மாதக் கணக்கில், ஒவ்வொன்றாக, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைப்பார்.

முறையான இடத்தில் தொடங்க முன் என்ன செய்வார்கள் என்று தெரிந்தால் வித்தியாசம் புரியும். கொழுப்பை எரிக்க முடியாத பிறவிக் கோளாறு, கொழுப்பை எரிக்க உதவும் கார்னிற்றின் என்ற பொருளின் குறைபாடு, போர்ஃபீரியா என்ற அரிய நோய் போன்றவை இருந்தால் இந்த உணவு உயிருக்கே ஆபத்து. அதற்காக இரத்தமும் சிறுநீரும் பார்ப்பார்கள். ஈரல், சிறுநீரகம், கொழுப்பு அளவுகளையும் பார்ப்பார்கள். அந்த அறையில் கேட்டது எடை மட்டும், அதுவும் தொலைபேசியில். பிறகு வீட்டுக்கு 1 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு வாங்கச் சொல்வார்கள், ஒவ்வொரு வேளையும் எடை பார்த்துச் சமைக்கக் கற்றுக்கொடுப்பார்கள். சீனியில்லாத விற்றமின், கல்சியம், விற்றமின் டி கொடுப்பார்கள். சிறுநீரகக் கல், மலச்சிக்கல், வளர்ச்சி குறைதல், இரத்தத்தில் அமிலம் கூடுதல் ஆகியவற்றைக் கிளினிக்கில் தொடர்ந்து கண்காணிப்பார்கள். டோபிராமேற் என்ற வலிப்பு மருந்தை எடுக்கும் பிள்ளைக்கு அமிலமும் கல்லும் இன்னும் கவனிக்க வேண்டியவை. தண்ணீரைக் குறைக்கச் சொல்லும் பழைய வழக்கம் இப்போது இல்லை. நன்றாகக் குடிக்க வேண்டும். மூன்று மாதம் பார்த்துப் பலன் இல்லையென்றால் நிறுத்துவார்கள். பலன் இருந்தால் வழக்கமாக இரண்டு வருடம் வரை.

எடை பார்த்துச் சமைக்க முடியாத குடும்பங்களுக்கு மாற்றியமைத்த அட்கின்ஸ் உணவு என்று ஒன்று உண்டு. 2003இல் வந்தது. பிள்ளைகளுக்கு நாளுக்கு மாச்சத்து 10 முதல் 15 கிராம், பெரியவர்களுக்கு 20. முட்டை, மீன், இறைச்சியை நிறுக்கத் தேவையில்லை. நம் சமையலுக்கு இது கிட்டவாக வரும். முட்டையில் மாச்சத்து 1 கிராமுக்கும் குறைவு. பட்டர் ஃபுரூட் 100 கிராமில் நார் கழித்து 2 கிராம், கொழுப்பு 15. கோவா 3, போஞ்சி 4. நம் தோட்டத்தில் விளைந்தது என்று கரட்டையும் லீக்ஸையும் எண்ணாமல் போட்டுவிடாதீர்கள்: கரட் 7, லீக்ஸ் 12. உருளைக்கிழங்கும் பீட்ரூட்டும் வேண்டாம். திரிபோஷ சோளமும் சோயாவும் கலந்தது. இந்த உணவிலுள்ள பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. காய்ச்சல், இருமல் சிரப்பில் சீனி இருக்கும். முடிந்தால் மாத்திரையாக எழுதித் தரக் கேளுங்கள். வாந்தி, வயிற்றோட்டம் வந்தால் ஜீவனியில் குளுக்கோஸ் உண்டு என்பதை ஞாபகப்படுத்தி, பிள்ளை கீட்டோ உணவில் இருக்கிறது என்று வார்டில் உடனே சொல்லுங்கள். பிள்ளை சோர்ந்து, வியர்த்து, எழுப்ப முடியாமல் இருந்தால் இரத்தத்தில் சீனி குறைந்திருக்கலாம். அப்போது வைத்தியர் கொடுக்கும் குளுக்கோசைத் தடுக்காதீர்கள்.

இதற்கெல்லாம் காசு கட்ட வேண்டியதில்லை. தோட்ட டிஸ்பென்சரியிலோ பக்கத்து ஆதார வைத்தியசாலையிலோ துண்டு வாங்கி, பிள்ளையைப் பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலைக்கோ கொழும்பு லேடி றிஜ்வே வைத்தியசாலைக்கோ கொண்டுபோகலாம். பெரியவர்கள் கண்டி தேசிய வைத்தியசாலையின் நரம்பியல் பிரிவுக்குப் போகலாம். கிளினிக் கொப்பியும், எந்த நாள், எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம் வலிப்பு வந்தது என்று எழுதிய தாளும் கொண்டுபோங்கள். இந்த உணவு பொருந்துமா என்று அங்கே நேராகக் கேளுங்கள். வைத்தியர் என்று சொல்லிக்கொள்கிறவரின் பெயர் இலங்கை மருத்துவ சபைப் பதிவில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஏமாந்தவர்கள் பொதி, லேபல், வங்கிச் சிட்டை, வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காமல் வைத்திருங்கள். லேபல் இல்லாத உணவுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிடலாம். பொய் விளம்பரத்துக்கு நுகர்வோர் அதிகாரசபை, தொலைபேசி 1977. மருந்து என்று விற்ற பொடிக்கு 2015ஆம் ஆண்டு 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் தேசிய ஒளடத ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை.

வலிப்பு ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது நினைவு திரும்ப முன் மறுபடி வந்தால், 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் கரண்டி, தண்ணீர், தேசிக்காய்ச் சாறு எதுவும் வேண்டாம். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் ஒரு பயனும் இல்லை. அந்த நேரத்தில் கடிகாரத்தைப் பாருங்கள்.

இப்போது அந்தப் பொதியில் இருக்கிறவர்களுக்கு: உணவையும் பொடியையும் நீங்களாகத் திடீரென நிறுத்தாதீர்கள். விட்ட மாத்திரையை ஈடுகட்ட இரட்டிப்பாகவும் கொடுக்காதீர்கள். லமோட்ரிஜின் என்ற வலிப்பு மருந்தைப் பல நாள் விட்டிருந்தால் பழைய அளவிலேயே மறுபடி தொடங்கக் கூடாது. தோல் வெந்தது போல உரியும் கடுமையான ஒவ்வாமை வரலாம், சின்ன அளவிலிருந்துதான் ஏற்ற வேண்டும். எந்த மாத்திரை, எத்தனை நாளாக விட்டது என்று தாளில் எழுதி, பொதியையும் எடுத்துக்கொண்டு, கிளினிக் நாள் வரும் வரை காத்திராமல் இன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.