பழைய கல் மண்டபத்துக்குச் சுண்ணாம்பா, சிமென்டா?

கல் இணைப்புகள் விரிந்து மழைநீர் ஒழுகத் தொடங்கியதும், திருப்பணிக்கு முனைவோர் பலர் இவ்விரண்டுக்கும் இடையே தடுமாறுகிறார்கள்.

செலவு: சிமென்ட் மலிவு, கடுக்காய் ஊறல் நீரும் வெல்லமும் சேர்த்து அரைக்கும் சுண்ணாம்புச் சாந்துக்குக் கூலி கூடும்.

வேகம்: சிமென்ட் விரைவில் இறுகும்; சுண்ணாம்பை ஈரச்சாக்கு போர்த்திப் பொறுமையாகக் காக்க வேண்டும்.

உறுதி: சிமென்ட் அடைத்த இணைப்பில் வெளியேற வழியில்லாத ஈரம் கல்லின் வழியே வெளியேறும்போது, அதிலுள்ள உப்பு மேற்பரப்புக்கு அடியில் படிகமாகி, செதுக்கிய விளிம்புகளைப் பொருக்குப் பொருக்காக உதிர்க்கிறது. மணற்கல்லால் எழுந்த காஞ்சி கைலாசநாதர் கோயில் போன்றவற்றுக்கு இது பெருங்கேடு. சுண்ணாம்போ தான் தேய்ந்து கல்லைக் காக்கும்.

மறுசீரமைப்பு: பழுதான சுண்ணாம்பைச் சுரண்டி மீண்டும் பூசலாம், சிமென்டைப் பெயர்த்தால் கல்லும் உடையும்.

ஆகவே பழங்கல்லுக்குச் சுண்ணாம்பே தகும். அந்தப் பழங்கல்லைத் தொடாமல் புதிதாக எழுப்பும் சுற்றுச்சுவருக்குச் சிமென்ட் போதும்.