முதியோர் உதவித்தொகை: பணம் கரெக்டா வருது, ஆனா 5க்கு 2 ஸ்டார்தான்

அம்மாவுக்கு உதவித்தொகை கேட்டு அலைஞ்ச அனுபவம் இது. வர ஆரம்பிச்சதுல இருந்து மாசாமாசம் பேங்க் கணக்குல தவறாம ஏறிடுது, அந்த 2 ஸ்டார் அதுக்குத்தான்.

மிச்ச 3 ஸ்டார், மனு குடுத்த அன்னிக்கே போச்சு. ரசீது கேட்டா அதெல்லாம் குடுக்கறதில்லைன்னாங்க, நாலு மாசம் சத்தமே இல்ல, தள்ளிட்டாங்களா பெண்டிங்கான்னு எழுத்துல ஒரு வரி கிடையாது, கடைசியில கவுண்டர்ல இருந்தவரே "உங்க ஏரியா கட்சிக்காரரை ஒரு தடவை பார்த்துட்டு வாங்கம்மா"ன்னு மெதுவா சொன்னாரு. போனோம். அவரு வயசைக் கேக்கல, வருமானத்தைக் கேக்கல, முதல் கேள்வியே "வீட்ல எத்தனை ஓட்டு?" மூணே வாரத்துல ஆர்டர் வந்துடுச்சு. கார்டுல தலைவர் படம் பெருசா, அம்மா பேரு கீழ பொடி எழுத்துல.

இப்ப ஒவ்வொரு மாசமும் பணம் எடுத்ததும் அந்த மனுஷன் நல்லா இருக்கணும்னு அம்மா கும்பிடுறாங்க, பாக்கறப்ப எனக்கு வயிறு எரியுது. வயசான காலத்துல பாதுகாப்பு எல்லாருக்கும் உள்ள உரிமைன்னு 1948 உலக மனித உரிமைப் பிரகடனம் 25ஆவது பிரிவுலயே இருக்கு. உரிமைன்னா யாருக்குத் தகுதின்னு வெளிப்படையா ஒட்டியிருக்கணும், மனுவைத் தள்ளினா ஏன்னு எழுதிக் குடுக்கணும், அப்பீல் பண்ண கட்சி சம்பந்தமில்லாத ஒரு இடம் வேணும். இதெல்லாம் இல்லாத இடத்துலதான் நடுவுல ஒருத்தர் வந்து உக்காந்துடறாரு.

மாத்த முடியாத விஷயம் இல்லங்க இது. மெக்சிகோவுல 1997ல ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் குடுக்கற ப்ரொக்ரேசா திட்டம் ஆரம்பிச்சப்ப வீடு வீடா சர்வே எடுத்து ஒரே ஃபார்முலாவுல குடும்பங்களைத் தேர்ந்தெடுத்து நேரா அம்மாக்கள் கையில பணத்தைக் குடுத்தாங்க, அப்புறம் 2004 சட்டம் வந்து, திட்ட விளம்பரத்துல இது எந்தக் கட்சியையும் சேர்ந்தது இல்லைன்னு போட்டே ஆகணும்னு சொல்லிடுச்சு. ஆனா அங்கயும் விட்டுப்போன குடும்பங்களுக்கு நம்ம பேரு ஏன் இல்லைன்னு விளங்கல, அதனால ஃபார்முலா மட்டும் பத்தாது, போய்க் கேக்க ஒரு ஜன்னல் வேணும்.

அன்னிக்கு எங்ககூட வரிசையில நின்ன பாட்டிக்கு வீட்ல வேற ஓட்டே இல்ல, இன்னும் அலையறாங்க. நேத்து அவங்க மனுவை மறுபடி எழுதி ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பினோம். ஒப்புகை அட்டை வந்ததும் இங்க அப்டேட் பண்றேன்.