லீக்கான கீ போட்ட சிஸ்டங்கள்: பல வருடப் பயன்பாட்டில் நான் பார்த்தது

எங்கள் டைப்பிங், டிடிபி ஆபீசின் சிஸ்டங்களை விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்தே நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அசெம்பிள் செய்து தந்தவர் விண்டோஸ், எம்எஸ் ஆபீஸ், ஆன்டிவைரஸ் எல்லாவற்றையும் அவரே ஏற்றி, ஆக்டிவேட் ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போன சிஸ்டங்கள். போட்டிருந்த கீ, அதாவது ஆக்டிவேட் செய்ய அடிக்கும் லைசென்ஸ் எண், பெரும்பாலும் இணையத்தில் கசிந்தது. "ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்று இன்றும் பலர் சொல்வதைக் கேட்கிறேன். ஓடத்தான் செய்யும். என்றைக்கு நிற்கும் என்பது மட்டும் நம் கையில் இல்லை. அது நின்றுவிடாமல் இருக்க நாம் செய்கிற காரியங்கள்தான் இன்னும் ஆபத்து.

இந்தப் பழக்கம் எக்ஸ்பியோடு வேரூன்றியது. 2001 அக்டோபர் 25-இல் எக்ஸ்பி வெளியாவதற்குச் சில வாரங்கள் முன்பே, பெரிய நிறுவனங்கள் பல சிஸ்டத்தில் போடுவதற்கான வால்யூம் லைசென்ஸ் கீ ஒன்று கசிந்துவிட்டது. எஃப்சிகேஜிடபிள்யூ என்று தொடங்கும் அந்த 25 எழுத்தை சிடி உறையிலேயே மார்க்கரில் எழுதி வைத்திருப்பார்கள்; சர்வீஸ் பையன்கள் பார்க்காமலே அடிப்பார்கள். வால்யூம் பதிப்பு என்பதால் ஆக்டிவேஷனே கேட்காது. 2002-இல் சர்வீஸ் பேக் 1 என்ற பெரிய அப்டேட் வந்தபோது, அந்தக் கீ இருந்த சிஸ்டத்தில் ஏற மறுத்தது. பிறகு 2005-இல் மைக்ரோசாஃப்ட் ஒரிஜினலா என்று சோதித்த பின்பே பல டவுன்லோடுகளைத் தந்தது. இதற்கு எல்லாரும் கண்டுபிடித்த வழி ஒன்றுதான்: ஆட்டோமேட்டிக் அப்டேட்டை ஆஃப் செய்துவிடுவது.

அந்த ஒரு கிளிக்கின் விலை என்ன என்பது 2017-இல் தெரிந்தது. மே 12-ஆம் தேதி வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் பரவி உலகம் முழுக்க ஃபைல்களைப் பூட்டியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை, அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ்களுக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே விட்டிருந்தது. இரண்டு மாத அவகாசம் இருந்தும், அப்டேட்டை நிறுத்தி வைத்தவர்களுக்கு அது வந்து சேரவே இல்லை. ஆக்டிவேஷன் போய்விடுமோ என்ற பயத்தில் பாதுகாப்பையே நிறுத்துவது எனக்குத் தாங்க முடியாத விஷயம். கீ விஷயத்தில் யார் யோசனை கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

ஆன்டிவைரஸ் கதை இன்னும் மோசம். நாட்32 என்ற ஆன்டிவைரஸுக்கு ஈஏவி என்று தொடங்கும் யூசர்நேமும் பாஸ்வேர்டும் தினம் தினம் புதிதாகக் கிடைத்த காலம் ஒன்று உண்டு. போட்ட சில நாளில் அது முடக்கப்படும். வேறொன்றைத் தேட வேண்டும். இடைப்பட்ட நாட்களில் டாஸ்க்பாரில் ஐகான் இருக்கும், வைரஸ் டேட்டாபேஸ் மட்டும் பழையதாகவே கிடக்கும். காவல் இருக்கிறது என்று நம்பி வாடிக்கையாளர் தரும் பென்டிரைவை எல்லாம் செருகுவோம். அவாஸ்ட் என்ற ஆன்டிவைரஸ் கம்பெனி 2012-இல் ஒரு கணக்கைச் சொன்னது: அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு சிறு நிறுவனம் 14 பேருக்கு வாங்கிய அவாஸ்ட் லைசென்ஸை 7,74,651 பேர் பயன்படுத்தியிருந்தார்கள். அத்தனை பேர் பயன்படுத்தினால் கம்பெனிக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்த பிறகும் எத்தனை நாள் விட்டு வைப்பது என்பது அவர்கள் முடிவு.

விண்டோஸ் 7, 10 காலத்தில் இரண்டு வகைக் கீ புழங்கியது. ஒன்று எம்ஏகே. ஒரு நிறுவனம் இத்தனை சிஸ்டம் என்று எண்ணிக்கை பேசி வாங்குவது. அந்த எண்ணிக்கை தீர்ந்தாலும், கசிந்தது தெரிந்து பிளாக் செய்தாலும், புதிதாக ஏற்றும்போது வேலை செய்யாது. ஏற்கெனவே ஏறிய சிஸ்டம் பாட்டுக்கு ஓடுவதால் நமக்குச் சந்தேகமே வராது. எங்கள் ஆபீசில் ஒரு சிஸ்டம் அப்படித்தான் வருடக்கணக்கில் ஓடியது. மதர்போர்டு போய் மாற்றினோம். விண்டோஸும் ஆபீஸும் திரும்ப ஆக்டிவேஷன் கேட்டன. அதே கீயை அடித்தால் சி004சி003 என்று முடியும் எரர்: கீ பிளாக் செய்யப்பட்டிருக்கிறது. விண்டோஸ் மூலையில் வாட்டர்மார்க் காட்டிக்கொண்டு ஓடியது. வேர்டு சில நாள் விட்டுவிட்டு, ஒரு காலையில் மேலே சிவப்புப் பட்டையோடு திறந்தது. "அண்ணே, ஃபைல் தொறக்குது, ஒரு எழுத்து அடிக்க விட மாட்டேங்குது" என்று டைப் செய்யும் தங்கச்சி கூப்பிட்டார். அன்று கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டிய மனு அது. வக்கீல் குமாஸ்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரேஆபீஸை இறக்கி, அதில் திறந்து திருத்தி, பிரின்ட் எடுத்துக் கொடுத்தோம்.

இன்னொன்று கேஎம்எஸ். இதற்கான கீக்களை மைக்ரோசாஃப்ட்டே வெளியிட்டிருக்கிறது. அதைப் பார்த்து இலவசம் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தக் கீ மட்டும் போதாது. நிறுவனத்துக்குள் இருக்கும் சர்வர் ஒன்று ஆக்டிவேட் செய்ய வேண்டும், அதுவும் 180 நாளுக்குத்தான். சிஸ்டம் 7 நாளுக்கு ஒருமுறை அந்த சர்வரைத் தேடிப் புதுப்பித்துக்கொள்ளும். சர்வர் இல்லாத நம் வீட்டில் இது எப்படி நடக்கிறது? ஆக்டிவேட்டர் என்று ஒரு புரோகிராம் போலி சர்வராக உள்ளேயே உட்கார்ந்திருக்கும். அட்மின் உரிமையோடு எப்போதும் ஓடும் அது யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. கேஎம்எஸ்பிகோ என்ற ஆக்டிவேட்டரின் பெயரில் வந்த போலி இன்ஸ்டாலர் வழியாக, பிரவுசர் பாஸ்வேர்டையும் கிரிப்டோ வாலட்டையும் திருடும் கிரிப்ட்பாட் என்ற வைரஸ் பரவியதை 2021-இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

உங்கள் சிஸ்டத்தில் இது இருக்கிறதா என்று பார்க்க, கமாண்ட் பிராம்ப்டில் எஸ்எல்எம்ஜிஆர் என்று அடித்து ஒரு இடைவெளி விட்டு ஸ்லாஷ் டிஎல்வி கொடுங்கள். வரும் பெட்டியில் வால்யூம், கேஎம்எஸ் என்ற சொற்கள் இருந்து, நீங்கள் எந்தப் பெரிய நிறுவனத்தின் சிஸ்டத்திலும் உட்காரவில்லை என்றால் விஷயம் புரிந்துவிடும். அடுத்து விண்டோஸ் செக்யூரிட்டியில் எக்ஸ்க்ளூஷன் (சோதிக்காமல் விடுவது) பட்டியலைத் திறந்து பாருங்கள். தெரிந்தவர் ஒருவரின் லேப்டாப்பில் திறந்தபோது அதில் ஒரே ஒரு வரி: சி டிரைவ் முழுவதும். ஆக்டிவேட்டரைப் பிடிக்காமல் இருக்க, மொத்த டிரைவையும் விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் பார்க்காதபடி விலக்கி வைத்திருந்தது. அவர் அந்த லேப்டாப்பில்தான் நெட்பேங்கிங் செய்துகொண்டிருந்தார்.

சில நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் விற்கும் கீயும் பெரும்பாலும் இதே சங்கதி. நிறுவனத்துக்கோ கல்லூரிக்கோ கொடுத்ததன் மிச்சம். பில் இருக்கும், உரிமை இருக்காது. தொழில் நடத்துபவர்கள் சட்டத்தையும் பார்க்க வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 63பி-யின்படி, திருட்டு நகல் என்று தெரிந்தே மென்பொருளைப் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

நாங்கள் மொத்தமாக ஒரே நாளில் மாறவில்லை. புது சிஸ்டம் எடுக்கும்போதெல்லாம் ஒரிஜினல் விண்டோஸோடு எடுத்தோம். தனியாக வாங்கியபோது ரீடெயில் லைசென்ஸ் வாங்கினோம், ஏனென்றால் மதர்போர்டு மாறினாலும் அதைக் கொண்டுபோகலாம். பழைய இரண்டு சிஸ்டத்தில் விண்டோஸுக்குப் பதில் இலவசமான லினக்ஸ் மின்ட். டைப்பிங் முழுக்க லிப்ரேஆபீஸ். தமிழ்99 கீபோர்டு முறையில் யூனிகோட் அடிப்பதற்கு ஒரு குறையும் இல்லை. சிக்கல் பழைய வேர்டு ஃபைல்களில்தான்: அட்டவணை நிறைய இருந்தால் பக்கம் நகர்கிறது, பழைய எழுத்துருவில் அடித்ததை மாற்றி எடுக்க வேண்டியிருக்கிறது. அதற்காக ஒரே ஒரு சிஸ்டத்தில் மட்டும் காசு கொடுத்து எம்எஸ் ஆபீஸ் வைத்திருக்கிறோம். எல்லாச் சிஸ்டத்திலும் அப்டேட் ஆன்.