கும்பகோணத்துக் கூடத்தில் மூன்று ஜோடி பழைய ஸ்பீக்கர்: டிட்டன் 66, ஃபோர்ட்டே, கெஃப் 104/2

பழைய ஃப்ளோர் ஸ்டாண்டிங் ஸ்பீக்கர் எதுவானாலும் அதை நான் எடை போடுவது மிருதங்கத்தின் தொப்பியை, அதாவது இடது பக்கத்தை, வைத்துத்தான். பாட்டுக்காரர் குரல் ஓரளவு சுமாரான ஸ்பீக்கரிலும் நன்றாக வந்துவிடும். தொப்பி அப்படி வராது. ரவை ஒட்டின இடது பக்கத்தில் உள்ளங்கையை அழுத்தி இழுத்துக் கும்கி போடும்போது, அந்த நாதம் கீழேயிருந்து ஏறுவது காதில் விழவேண்டும். நிறைய ஸ்பீக்கர்களில் ஏற்றம் எதுவும் இல்லாமல் ஒரு ‘தும்’ மட்டும் கேட்கும். பாலக்காடு மணி ஐயரையோ, எங்கள் பக்கத்து ஊர்க்காரர் உமையாள்புரம் சிவராமனையோ அப்படிக் கேட்பதற்கு இத்தனை பெரிய பெட்டியை வீட்டில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை.

மூன்று ஜோடியும் ஒரே சமயத்தில் கூடத்தில் இருந்தன. செலெஸ்டியன் டிட்டன் 66 என்னுடையது. திருச்சியில் ஒரு டாக்டர் வீட்டைக் காலி செய்தபோது வாங்கினேன். கிளிப்ஷ் ஃபோர்ட்டேயும் என்னுடையதுதான்; மன்னார்குடிக்காரர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து சாமான்களோடு கப்பலில் கொண்டுவந்தது. கெஃப் 104/2 மாயவரத்து நண்பருடையது, கேட்டுப் பார்ப்பதற்காகக் கொடுத்தார்.

கூடத்தைப் பற்றிச் சொல்லாமல் ஸ்பீக்கரைப் பற்றிச் சொல்வதில் அர்த்தம் இல்லை. 22 அடிக்கு 13 அடி, மெட்ராஸ் டெரஸ் கூரை, சிவப்பு ஆக்சைடு தரை, ஒரு பக்கம் முற்றம். வெறும் கூடத்தில் கை தட்டினால் பளீரென்று திரும்பி வரும். கேட்கும் இடத்துக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு, எதிர்ச் சுவரில் இலவம் பஞ்சு மெத்தையைச் சாய்த்த பிறகுதான் அது அடங்கியது. முற்றம் திறந்திருப்பதால் பாஸ், அதாவது அடிநாதம், தேங்கி நிற்பதில்லை. ஆனால் இடப் பக்க ஸ்பீக்கருக்கு ஓரச் சுவர் உண்டு, வலப் பக்கத்துக்குக் கிடையாது. இடது பெட்டியைச் சுவரிலிருந்து மூன்று அடி தள்ளி வைத்ததில்தான் இரண்டும் சமமாயின.

இன்னொன்று, சத்தத்தின் அளவு. கொஞ்சம் கூடுதலாகப் பாடும் ஸ்பீக்கர்தான் நல்லது என்று காது சொல்லிவிடும். ஃபோர்ட்டே ஹார்ன் (வாய் விரிந்த குழல்) வைத்தது, அதே வால்யூமில் டிட்டனைவிட ரொம்ப உரக்கப் பாடும். ஒரு ஸ்பீக்கர் மூன்று டெசிபல் கூடுதலாகப் பாடினாலே, அதே சத்தத்துக்கு ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) பாதி வாட்டில் வேலையை முடித்துவிடும். அதனால் ஒவ்வொரு ஜோடி மாற்றும்போதும் பிங்க் நாய்ஸ் (சோதனைக்கான ஒரே சீரான இரைச்சல்) போட்டு, போனில் உள்ள மீட்டரால் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் பாட்டு போட்டோம். ஆம்ப் ஒன்றுதான், 40 வாட்.

கெஃப்பைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 1984-ல் வந்த 104/2 ரொம்ப யோசித்துச் செய்த ஸ்பீக்கர். பாஸ் எழுப்பும் கோன் (ஆடும் கூம்பு) இரண்டும் பெட்டிக்குள்ளே ஒளிந்திருக்கும், முன்னால் தெரியும் துவாரம் வழியாகத்தான் அவற்றின் சத்தம் வெளியே வரும். பெட்டி அதிராமல் இருக்க இரண்டையும் ஒரு கம்பியால் பிணைத்திருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பளபளவென்றுதான் இருந்தது. ‘ஒரிஜினல் கண்டிஷன், திறக்கவே இல்லை’ என்று விற்றவர் சொன்னாராம். திறக்காததுதான் பிரச்சினை. பாஸே இல்லாமல் ஏதோ கரகரத்தது. திறந்தால், கோனைச் சுற்றியிருந்த ஃபோம் விளிம்பு ஊறிப்போன அவல் மாதிரி விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. அந்தக் காலத்துப் பாலியூரிதேன் ஃபோம் காற்றின் ஈரத்தை வாங்கி வாங்கியே உதிர்ந்துபோகும். ஐப்பசி கார்த்திகையில் நம் பக்கத்து வீடுகளில் சுவரே வியர்க்கும்போது ஃபோம் எம்மாத்திரம்! புது விளிம்பு ஒட்டும் வரை அதைப் பற்றித் தீர்ப்பு சொல்வது நியாயம் இல்லை. சொந்தமாக வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: டெல்டாவில் இருந்துகொண்டு பழைய ஸ்பீக்கர் வாங்கினால் முதலில் விளிம்பு ஃபோமா, ரப்பரா, துணியா என்று பாருங்கள். பிராண்டு, பெட்டியின் மரம் எல்லாம் அப்புறம்.

டிட்டன் 66 அங்கேதான் தப்பித்தது. என்னிடம் உள்ள ஜோடியில் பாஸ் கோனுக்கு ரப்பர் விளிம்பு, இன்னும் வெண்ணெயாக வளைகிறது. 1970-களின் ஆங்கிலேயத் தயாரிப்பு. பெட்டியில் 12 அங்குல பாஸ் கோன் ஒன்று, அதோடு காயிலும் காந்தமும் இல்லாத இன்னொரு கோன். உள்ளே அடைபட்ட காற்று தள்ளத் தள்ள இந்த இரண்டாவது கோன் தானாக ஆடி, அடிநாதத்தைத் தாங்கிப் பிடிக்கும். போர்ட் துவாரம் எதுவும் கிடையாது. இது நமக்கு எவ்வளவு நல்லது என்பது, துவாரத்துக்குள் குளவி மண்கூடு கட்டிய ஸ்பீக்கரைச் சுத்தம் செய்தவர்களுக்குத் தெரியும்.

வாங்கினபோது மேல்சுரங்கள் மந்தமாக இருந்தன. பாஸையும் மேல்சுரத்தையும் பிரித்து அனுப்பும் கிராஸோவர் சர்க்யூட்டில் இருந்த எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் காய்ந்திருந்தன. அதே மைக்ரோஃபாரட் அளவில் ஃபிலிம் கெப்பாசிட்டர் மாற்றியதும் தம்புரா எழுந்து உட்கார்ந்தது. கேட்டுக்கொண்டிருந்த அத்தான் திருபுவனத்தில் மிருதங்கம் சொல்லிக்கொடுப்பவர். தனி ஆவர்த்தனத்தில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர், “மாப்ளே, ரவை கொஞ்சம் காஞ்சு போச்சு பாரு, தண்ணி தொடுவார் இப்ப” என்றார். பதிவில் இருந்த வித்வான் அடுத்த இடைவெளியில் தொப்பியைச் சரிசெய்யும் சத்தம் நிஜமாகவே கேட்டது. ஒரு ஸ்பீக்கருக்கு இதைவிட என்ன பாராட்டு வேண்டும்? கும்கியின் ஏற்றம், வலது பக்கமான வலந்தலையில் சாப்பு என்ற அடி விழுந்த பிறகு நீளும் கார்வை, இரண்டும் தனித்தனியாக நின்றன. நடுச்சுரங்களுக்கு ஒரு டோம் (குமிழ் வடிவ ஸ்பீக்கர்) வைத்திருக்கிறார்கள், குரல் பெரும்பாலும் அதில்தான் வருகிறது. பெண் குரல் அந்த டோமில் வரும்போது தொண்டையில் மூச்சு புரள்வது தெரியும். குறை என்றால், மெதுவாக வைத்துக் கேட்டால் தூங்கி வழியும். ஆம்ப் கொஞ்சம் உழைத்தால்தான் முழிக்கும்.

ஃபோர்ட்டேயிடம் அந்தச் சோம்பல் கிடையாது. அமெரிக்காவின் ஆர்கன்ஸாவில் ஹோப் என்ற சின்ன ஊரில் பால் கிளிப்ஷ் தொடங்கிய கம்பெனி. ஃபோர்ட்டே 1985-ல் வந்தது. முன்னால் 12 அங்குல பாஸ், மேலே நடுச்சுரத்துக்கும் மேல்சுரத்துக்கும் ஹார்ன், பின்பக்கம் 15 அங்குலத்தில் காயில் இல்லாத கோன். பின்பக்கக் கோன் என்பதால் சுவர் கொஞ்சம் அருகே இருக்கவேண்டும், நட்டநடுக் கூடத்தில் வைத்தால் பாஸ் முற்றத்துக்கே போய்விடும்.

கச்சேரிக்கு இதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. வயலின் முன்னால் வந்து நிற்கிறது, தொப்பி ஒரு அடி பின்னால் தள்ளிப்போகிறது. ஆனால் நாகஸ்வரம் போட்டதும் கதையே வேறு. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி, பழைய 78 தட்டிலிருந்து எடுத்த பதிவு. கரகரப்புக்கு நடுவே அந்த ஒரு குழல் எழும்பி வந்து கூடத்தின் நடுவில் நின்றது. நாகஸ்வரம் நாலு வீதிக்குக் கேட்கவேண்டும் என்றே நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்தது. அதன் அழுத்தம் டிட்டனில் மரியாதையாக, சற்று அடக்கமாக வருகிறது. ஃபோர்ட்டே அடக்குவதே இல்லை. தவிலும் அப்படித்தான்: கூடு (விரல் உறை) போட்ட விரல்கள் வலந்தலையில் விழும் ஒவ்வொரு அடியும் நெஞ்சில் படுகிறது. ஹார்ன் தட்டுக் கரகரப்பையும் கூட்டிக் காட்டும் என்பது உண்மை. ஆம்பில் ட்ரெபிளை ஒரு புள்ளி குறைத்தேன், சரியாகிவிட்டது.

கச்சேரிப் பதிவுகளும் குரலும் அதிகம் கேட்கிறவர்கள், 40 வாட்டுக்கு மேல் ஆம்ப் உள்ளவர்கள் டிட்டன் 66-க்குப் போகலாம். வாங்கியதும் கெப்பாசிட்டருக்குத் தனியாகக் காசு எடுத்து வையுங்கள். சின்ன வால்வு ஆம்ப் இருந்து, மங்கள இசை, சினிமாப் பாட்டு, எல்லாவற்றையும் தாராளமாகக் கேட்பேன் என்பவர்களுக்கு ஃபோர்ட்டே. மூன்று ஜோடியிலும் எதையும் தனி ஆளாகத் தூக்கப் பார்க்காதீர்கள். மழைக்காலத்தில் தரைக்கும் பெட்டிக்கும் நடுவில் கிரானைட் பலகையோ இரும்பு ஸ்டாண்டோ கொடுங்கள், அடிப்பலகை ஈரம் குடிக்காது, கரையானும் ஏறாது. மாயவரத்துக் கெஃப்புக்கு ரப்பர் விளிம்பு ஒட்டிய பிறகு அதே தனி ஆவர்த்தனத்தை அத்தானை உட்காரவைத்துப் போடுவதாக இருக்கிறோம். அது டிட்டனை மிஞ்சினால் தயங்காமல் எழுதுவேன்.